முதலில் உற்பத்தி... அப்புறம்தான் சோதனை!

புதிய ரசாயனம் ஆபத்தா, இல்லையா? யார் அளப்பது, எப்போது அளப்பது? ‘ஜென்எக்ஸ்’ விவகாரம் சொல்லும் பாடம்

70,909... 140... 10.

மூன்றுமே ஒரே ரசாயனத்துக்காக அமெரிக்க அரசு அலுவலகங்கள் ஐந்து ஆண்டு இடைவெளிக்குள் சொன்ன எண்கள். ஒரு லிட்டர் குடிநீரில் 70,909 நானோகிராம் வரை இருந்தால் பெரிய ஆபத்தில்லை என்று வடக்கு கரோலினா மாநிலச் சுகாதாரத் துறை 2017 ஜூனில் சொன்னது. அடுத்த மாதமே அதே துறை அந்த அளவை 140-க்கு இறக்கியது. 2022 ஜூனில் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ., 10-க்கு மேல் கூடாது என்றது.

இந்த ஐந்து ஆண்டுகளில் ரசாயனத்தின் குணம் மாறிவிடவில்லை. அதைக் குடித்த மக்களின் கல்லீரலும் மாறிவிடவில்லை. எந்த ஆய்வை எடுப்பது, எதை எதையெல்லாம் கணக்கில் சேர்ப்பது என்ற முடிவுகள்தான் மாறின. இந்தக் கணக்கெல்லாம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அந்தத் தண்ணீர் வீடுகளின் குழாயில் வந்துகொண்டிருந்தது.

அந்த ரசாயனத்தின் பெயர் ஜென்எக்ஸ். ஒரு புதிய தொழிற்சாலை ரசாயனத்தை அரசு எப்படி எடைபோடுகிறது, எங்கே கோட்டை விடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

சி8-ன் வாரிசு

கதை டெஃப்லானில் தொடங்குகிறது. 1938 ஏப்ரலில், டூபாண்ட் நிறுவனத்தின் ராய் பிளங்கெட் குளிர்பதன வாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது தற்செயலாகக் கிடைத்த பொருள் அது. எண்ணெய் ஒட்டாது, தண்ணீர் ஒட்டாது, அமிலமும் அரிக்காது. நான்ஸ்டிக் தவாவில் தொடங்கி மின்கம்பியின் மேலுறை வரை எங்கும் அது பரவியது.

டெஃப்லான் தயாரிப்பில் ஒரு துணைப்பொருள் தேவை. 1951 முதல் டூபாண்ட் அதற்குப் பயன்படுத்தியது பி.எஃப்.ஓ.ஏ. என்ற ரசாயனம். எட்டு கார்பன் அணுக்கள் கொண்டதால் ஆலைக்குள் அதன் பெயர் ‘சி8’. கார்பனும் ஃபுளோரினும் சேர்ந்த பிணைப்பு வேதியியலில் மிக உறுதியானவற்றுள் ஒன்று. வெயிலோ மழையோ மண்ணிலுள்ள நுண்ணுயிர்களோ அதை எளிதில் உடைத்துவிட முடியாது. இந்தக் குடும்பத்து ரசாயனங்களுக்குப் பொதுப்பெயர் பிஃபாஸ். ‘அழியா ரசாயனங்கள்’ என்று பத்திரிகைகள் எழுதுவது இவற்றைத்தான்.

சி8 விலங்குகளின் கல்லீரலை வீங்கவைக்கிறது என்பது 1961-லேயே டூபாண்டின் சொந்த ஆய்வாளர்களுக்குத் தெரிந்துவிட்டது. மேற்கு வர்ஜீனியா ஆலையைச் சுற்றியுள்ள ஊர்களின் குழாய்த் தண்ணீரில் அது இருப்பதை நிறுவனம் 1984-ல் கண்டறிந்தது. ஊர் மக்களுக்கு விஷயம் தெரியவந்தது, தன் மாடுகள் அடுத்தடுத்துச் செத்து விழுவதைப் பார்த்த ஒரு விவசாயி, வழக்கறிஞர் ராப் பிலட் மூலம் 1999-ல் வழக்குப் போட்ட பிறகுதான்.

வழக்கின் விளைவாகச் சுமார் 69,000 பேரின் ரத்தம் பரிசோதிக்கப்பட்டது. சிறுநீரகப் புற்றுநோய், விரைப் புற்றுநோய், தைராய்டு கோளாறு, பெருங்குடல் புண், கர்ப்பகால ரத்த அழுத்தம், உயர் கொழுப்பு ஆகிய ஆறுக்கும் சி8-க்கும் தொடர்பு இருக்க வாய்ப்புண்டு என்று 2012-ல் நிபுணர் குழு முடிவு சொன்னது. சுமார் 3,550 வழக்குகளை முடித்துக்கொள்ள 2017-ல் 67.1 கோடி டாலர் தர ஒப்பந்தமானது. ‘டார்க் வாட்டர்ஸ்’ என்ற ஹாலிவுட் படம் இந்தக் கதைதான்.

இதற்கிடையில், 2015-க்குள் சி8-ஐக் கைவிடுவதாக எட்டு பெரிய நிறுவனங்கள் 2006-ல் இ.பி.ஏ-விடம் ஒப்புக்கொண்டிருந்தன. டெஃப்லான் உற்பத்தி நிற்கக் கூடாது என்றால் மாற்று வேண்டும். டூபாண்ட் கொண்டுவந்த மாற்றுதான் ஜென்எக்ஸ். எட்டு கார்பனுக்குப் பதில் ஆறு கார்பன், நடுவே ஓர் ஆக்சிஜன். உடலில் நீண்ட காலம் தங்காது என்பதுதான் அதன் பெரிய விளம்பரம்.

90 நாள் கோப்பு

அமெரிக்காவில் தொழிற்சாலை ரசாயனங்களுக்கான சட்டம் 1976-ல் வந்தது. அப்போது புழக்கத்தில் இருந்த சுமார் 62,000 ரசாயனங்களை எந்தக் கேள்வியும் கேட்காமல் அது ஏற்றுக்கொண்டது. புதிதாக ஒன்றைத் தயாரிக்க வேண்டுமென்றால் 90 நாள் முன்னதாக இ.பி.ஏ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். கையில் ஏதாவது ஆய்வு முடிவு இருந்தால் அதை இணைக்க வேண்டும். ஆனால், ஆய்வு செய்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வந்த விண்ணப்பங்களில் ஏறக்குறைய 15 சதவிகிதத்தில்தான் உடல்நலம் அல்லது பாதுகாப்பு தொடர்பான சோதனை முடிவு இருந்தது என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2005-ல் எழுதியது.

முழுமையான கோப்பில் என்னவெல்லாம் இருக்க வேண்டும்? பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. இதற்கென்று வழிகாட்டு முறைகளை வகுத்திருக்கிறது. மரபணுவைச் சிதைக்குமா என்று பார்க்க சால்மோனெல்லா பாக்டீரியாவில் ஏம்ஸ் சோதனை. எலிகளுக்கு 28 நாள், பிறகு 90 நாள் கொடுத்துப் பார்க்கும் சோதனை. குட்டிகளுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கும் சோதனை. புற்றுநோய் வருமா என்று அறிய இரண்டு ஆண்டுச் சோதனை. தண்ணீரில் வாழும் உயிர்களுக்கு என்ன ஆகும் என்று பார்க்க பாசிக்கு 72 மணி நேரம், தண்ணீர்ப்பூச்சிக்கு 48 மணி நேரம், மீனுக்கு 96 மணி நேரம். மக்குமா, மக்காதா என்று பார்க்க 28 நாள்.

இவை எதுவும் இல்லாதபோது அதிகாரிகளுக்கு இரண்டே வழி. ஒன்று, ரசாயனத்தின் அமைப்பை வைத்துக் கணினி மாதிரியில் ஊகிப்பது. இன்னொன்று, அதே சாயலில் உள்ள பழைய ரசாயனத்தைப் பார்த்து முடிவுக்கு வருவது. கணினி வழியிலும் பிஃபாஸ் விஷயத்தில் ஓட்டை இருக்கிறது. ஒரு பொருள் தண்ணீரைவிட எண்ணெயில் எவ்வளவு கரைகிறது என்பதை வைத்துத்தான், அது உடற்கொழுப்பில் சேருமா என்று மாதிரிகள் கணிக்கின்றன. பிஃபாஸ் கொழுப்பில் சேர்வதைவிட ரத்தத்திலும் கல்லீரலிலும் உள்ள புரதங்களைத்தான் அதிகம் பற்றிக்கொள்கிறது. தவறான இடத்தில் தேடினால் ‘இல்லை’ என்றுதானே பதில் வரும்?

ஜென்எக்ஸ் கோப்பு 2008-ல் வந்தது. அதிகாரிகள் தூங்கிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. சி8-ஐ ஒப்பிட்டுப் பார்த்துத் தங்கள் சந்தேகத்தை எழுத்திலேயே பதிவு செய்தார்கள். இது சுற்றுச்சூழலில் அழியாமல் நிற்கும், உயிர்களின் உடலில் சேரக்கூடும், மனிதர்களுக்கும் பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் நஞ்சாகக்கூடும் என்பது 2009 ஜனவரியில் டூபாண்டுடன் இ.பி.ஏ. செய்துகொண்ட ஒப்பந்த ஆணையிலேயே இருக்கிறது. அவ்வளவையும் எழுதிவிட்டு, ‘தயாரித்துக்கொள்ளுங்கள்’ என்றும் அதே ஆணை அனுமதித்தது. நிபந்தனைகள் இரண்டு: காற்றிலும் நீரிலும் கலக்காமல் 99 சதவிகிதத்தைப் பிடித்துவிட வேண்டும், கூடுதல் ஆய்வுகளைச் செய்து பிறகு சமர்ப்பிக்க வேண்டும். அப்படிப் பிறகு வந்த இரண்டு ஆண்டு எலி ஆய்வில், அதிக அளவு கொடுக்கப்பட்ட எலிகளின் கல்லீரலிலும் கணையத்திலும் விரையிலும் கட்டிகள் இருந்தன. அதற்குள் உற்பத்தி சூடுபிடித்துவிட்டது.

ஆற்றில் தெரிந்த உண்மை

வடக்கு கரோலினாவின் ஃபேயட்வில் நகருக்கு அருகே, கேப் ஃபியர் ஆற்றங்கரையில் இருக்கிறது ஜென்எக்ஸ் தயாரிக்கும் ஆலை. 2015-ல் அது டூபாண்டிலிருந்து பிரிந்த கெமூர்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆற்றின் போக்கில் 100 கிலோமீட்டருக்கும் மேல் கீழே வில்மிங்டன் நகரம். அங்கே குடிநீர் வாரியத்தை நம்பியிருப்பவர்கள் சுமார் 2 லட்சம் பேர்.

இ.பி.ஏ-வின் ஆய்வுக்கூட விஞ்ஞானிகளான மார்க் ஸ்ட்ரைனரும் ஆண்ட்ரூ லிண்ட்ஸ்ட்ராமும் அந்த ஆற்றில் ஆலைக்கு மேற்புறமும் கீழ்ப்புறமும் தண்ணீர் எடுத்தார்கள். வழக்கமான பரிசோதனையில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ‘இது இருக்கிறதா, அது இருக்கிறதா’ என்று பார்ப்பார்கள். பட்டியலில் இல்லாதது கண்ணில் படாது. இவர்கள் பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டு, தண்ணீரில் இருக்கும் மூலக்கூறுகளின் எடையைத் துல்லியமாக அளக்கும் கருவியில் ஏற்றினார்கள். ஆலைக்கு மேலே இல்லாமல் கீழே மட்டும் தெரிந்த எடைகள் எவை என்று பார்த்து, அவற்றின் அமைப்பை ஒவ்வொன்றாக ஊகித்து வெளிக்கொண்டுவந்தார்கள். பெயரே கேள்விப்படாத ரசாயனங்கள் வரிசையாக வந்தன. 2015-ல் கட்டுரையும் வெளியானது.

அடுத்த ஆண்டு, வடக்கு கரோலினா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெட்லெஃப் நாப்பேயின் குழு அளவையும் சொன்னது. ஆலைக்குக் கீழே உள்ள குடிநீர் நிலையம் எடுக்கும் தண்ணீரில் ஜென்எக்ஸ் சராசரியாக லிட்டருக்கு 631 நானோகிராம். சுத்திகரிப்பு நிலையத்தின் வழக்கமான முறைகளில் அது போகவில்லை. உள்ளே வந்தது அப்படியே குழாய்க்குப் போனது. ஆனாலும், 2017 ஜூனில் வில்மிங்டனின் ‘ஸ்டார்நியூஸ்’ நாளிதழ் செய்தி போடும் வரை ஊருக்கு விஷயம் தெரியாது.

99 சதவிகிதம் பிடிக்கச் சொன்ன ஆணை என்ன ஆயிற்று? நிறுவனம் சொன்ன பதில் ஊரையே உலுக்கியது. ஆலையின் வேறொரு பிரிவில், வேறொரு பொருளைத் தயாரிக்கும்போது இதே ரசாயனம் துணை விளைபொருளாக 1980 முதலே உருவாகி ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்ததாம். 2009 ஆணை, விற்பனைக்காகத் தயாரிக்கும் ஜென்எக்ஸைத்தான் கட்டுப்படுத்தியது. தானாக உருவாவதைத் தொடவில்லை. கோப்பில் ஒரு குழாயை அடைத்தார்கள். ஆற்றுக்குப் போகும் குழாய் வேறாக இருந்தது.

எண் எப்படிப் பிறக்கிறது?

இப்போது அந்த மூன்று எண்களுக்கு வருவோம்.

முதல் எண்ணுக்கு மாநில அதிகாரிகள் அடிப்படையாக எடுத்தது, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.01 மில்லிகிராம் வரை தாங்கலாம் என்ற அளவு. புட்டிப்பால் குடிக்கும் குழந்தையின் எடை 7.8 கிலோ, அது ஒரு நாளில் குடிக்கும் தண்ணீர் 1.1 லிட்டர் என்று வைத்துப் பெருக்கி வகுத்தால் 70,909 நானோகிராம் வருகிறது.

ஒரு மாதத்தில் அது 140 ஆனது இரண்டு மாற்றங்களால். சுண்டெலிகளில் நடந்த ஆய்வுகளைப் பார்த்தபோது இன்னும் குறைந்த அளவிலேயே பாதிப்பு தெரிந்தது. அதனால் தாங்கும் அளவு நூறில் ஒரு பங்காகக் குறைந்தது. ஜென்எக்ஸ் குடிநீரில் மட்டும் வராது, காற்றிலும் உணவிலும் வரலாம். எனவே தண்ணீருக்கு ஐந்தில் ஒரு பங்கை மட்டும் ஒதுக்கினார்கள். நூறும் ஐந்தும் சேர்ந்து 500 மடங்கு. குழந்தையின் எடையும் குடிக்கும் தண்ணீரும் மாறவே இல்லை.

மூன்றாவது எண், இ.பி.ஏ. 2021-ல் முடித்த நச்சுத்தன்மை மதிப்பீட்டிலிருந்து வந்தது. சுண்டெலிகளின் கல்லீரல் பாதிப்பை மனிதர்களுக்கு மாற்றிக் கணக்கிட்டபோது கிடைத்தது கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அதை 3,000-ஆல் வகுத்தார்கள். இந்த 3,000 எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். மனிதருக்கு மனிதர் உடல் வேறுபடும் என்பதற்காக 10. சுண்டெலிக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்கு 3. குறுகிய கால ஆய்வை வைத்து வாழ்நாள் பாதிப்பைச் சொல்ல வேண்டியிருப்பதற்காக 10. செய்ய வேண்டிய ஆய்வுகள் பல இன்னும் செய்யப்படவே இல்லை என்பதற்காக இன்னொரு 10.

கடைசி இரண்டும் அறியாமைக்குக் கட்டிய அபராதம். ஆய்வுகளை முன்கூட்டியே செய்திருந்தால் நூறு மடங்கு ஊகத்துக்கு இடமே இருந்திருக்காது. அப்படி வகுத்து, பாலூட்டும் தாய் குடிக்கும் தண்ணீரின் அளவையும் சேர்த்தபோது கிடைத்தது லிட்டருக்கு 10 நானோகிராம். ஒரு கிராம் ஜென்எக்ஸை 10,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் பத்தாயிரத்தில் கலந்தால் வரும் அடர்த்தி அது.

2024 ஏப்ரலில் இந்த 10, சட்டப்படியான குடிநீர் வரம்பாகவும் ஆனது. 2025 மே மாதம் அதைத் திரும்பப் பெறப்போவதாக அதே இ.பி.ஏ. அறிவித்தது. விஞ்ஞானம் பாதி, அரசியல் பாதி என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

விண்ணப்பமே போடாதவை

வில்மிங்டன் மக்களின் ரத்தத்தில் ஜென்எக்ஸ் எவ்வளவு இருக்கிறது என்று வடக்கு கரோலினா மாநிலப் பல்கலைக்கழகக் குழு 2017 இறுதியிலும் 2018-லும் பரிசோதித்தது. 344 பேரின் ரத்தத்தைப் பார்த்ததில் ஜென்எக்ஸ் யாரிடமும் அகப்படவில்லை. உடலில் தங்காது என்று நிறுவனம் சொன்னது சரிதானே என்று தோன்றும். ஆனால், ‘நாஃபியான் துணை விளைபொருள் 2’ என்ற இன்னொரு பிஃபாஸ், 99 சதவிகிதம் பேரிடம் இருந்தது. அதே ஆலையின் கழிவு. அதைத் தயாரிக்கிறோம் என்று யாரும் விண்ணப்பம் போடவில்லை; ஆபத்தானதா என்று யாரும் பார்க்கவும் இல்லை. கழிவுக்குக் கோப்பு திறக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

ரசாயன மதிப்பீட்டின் பெரிய ஓட்டை இதுதான். விற்கப்போகும் பொருளை மேசையில் வைத்துச் சோதிக்கிறோம். ஆலை உண்மையில் வெளியேற்றுவதை யாரும் சோதிப்பதில்லை. மக்கள் குடிப்பது இரண்டாவதைத்தான்.

2019 பிப்ரவரியில் கெமூர்ஸ், மாநில அரசுடன் சமரசம் செய்துகொண்டு 1.2 கோடி டாலர் அபராதம் கட்டியது. வில்மிங்டன் குடிநீர் வாரியம் 2022-ல் பிரமாண்டமான கரி வடிகட்டிகளை நிறுவியது. செலவு 4 கோடி டாலருக்கும் மேல். அந்தப் பணம் முதலில் போனது தண்ணீர் வரி கட்டும் வீடுகளிலிருந்து.

அமெரிக்கா 2016-ல் சட்டத்தைத் திருத்தியது. 90 நாள் ஓடிவிட்டால் தயாரிப்பைத் தொடங்கிவிடலாம் என்ற நிலை மாறி, இ.பி.ஏ. வாய் திறந்து முடிவு சொன்னால்தான் தொடங்கலாம் என்றானது. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கும் முன்பே, 2007-ல் ‘ரீச்’ சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. அதன் சாரம் ஒரே வரி: தரவு இல்லையேல் சந்தை இல்லை. ஆண்டுக்கு ஒரு டன்னுக்கு மேல் தயாரித்தாலோ இறக்குமதி செய்தாலோ பதிவு கட்டாயம். அளவு கூடக் கூடச் சோதனையும் கூடும். செலவு நிறுவனத்தின் தலையில். அங்கும் நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் ஆலையிலிருந்து ஜென்எக்ஸ் வெளியேறத்தான் செய்தது. ஆனால், கையில் தரவு இருந்ததால் 2019-லேயே அதை ‘மிகுந்த கவலைக்குரிய பொருள்’ பட்டியலில் சேர்க்க முடிந்தது.

நம் ஊரில்?

இந்தியாவில் பூச்சிமருந்து விற்க 1968-ம் ஆண்டுச் சட்டப்படி நச்சுத்தன்மை ஆய்வு முடிவுகளைத் தர வேண்டும். மருந்துக்கும் தனிச் சட்டம் உண்டு. தொழிற்சாலை ரசாயனத்துக்கு? போபால் விபத்துக்குப் பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழ் 1989-ல் அபாயகர ரசாயன விதிகளும் வந்தன. ஏற்கெனவே ஆபத்து என்று தெரிந்தவற்றை எப்படித் தயாரிப்பது, எப்படிச் சேமிப்பது, எப்படி இறக்குமதி செய்வது என்பதை அவை பார்க்கின்றன. புதிதாக வரும் ஒன்று ஆபத்தா என்று முன்கூட்டிக் கேட்பது அவற்றின் வேலையாக இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதற்காக, ‘ரீச்’ பாணியில் ரசாயன மேலாண்மை மற்றும் பாதுகாப்பு விதிகளின் வரைவு 2020-ல் தயாரானது. ஆண்டுகள் ஓடியும் அது வரைவாகவே கிடக்கிறது.

நம்மிடம் சோதனை செய்யும் திறமை இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. 2011 முதல் இந்தியா, ஓ.இ.சி.டி. நாடுகளுடன் தரவுப் பரிமாற்ற உடன்பாட்டில் முழு அளவில் பங்கேற்கிறது. இங்கே உரிய தரத்தில் செய்யப்படும் ஆய்வை அந்த நாடுகள் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும். சென்னையை அடுத்த படப்பையிலும் நாட்டின் வேறு இடங்களிலும் அத்தகைய தரச் சான்று பெற்ற நச்சியல் ஆய்வுக்கூடங்கள் உள்ளன. ஐரோப்பியச் சட்டம் கேட்கும் ஆய்வை இங்கே செய்து கொடுக்கலாம். அதே ரசாயனத்தை இங்கே தயாரிப்பவரிடம் அந்த ஆய்வைக் கேட்கத்தான் நம்மிடம் சட்டம் இல்லை.

இது வெறும் தத்துவார்த்தக் கவலை என்று ஒதுக்க வேண்டாம். இத்தாலியின் விசென்சா அருகே மிடேனி என்ற பிஃபாஸ் ஆலை இருந்தது. டோர்ட்ரெக்ட்டிலிருந்து வந்த ஜென்எக்ஸ் கழிவும் அங்கே கையாளப்பட்டது. சுமார் மூன்றரை லட்சம் மக்களின் தண்ணீரை மாசுபடுத்திய விவகாரத்தில் ஆலை 2018-ல் திவாலானது. 2025 ஜூனில் விசென்சா நீதிமன்றம், ஆலை தொடர்புடைய 11 நிர்வாகிகளுக்குச் சிறைத்தண்டனை விதித்தது. அந்த ஆலையின் இயந்திரங்களும் தொழில்நுட்பமும் எங்கே போயின? ஏலத்தில் ஓர் இந்திய நிறுவனம் வாங்கி, மகாராஷ்டிராவின் ரத்னகிரி மாவட்டம் லோட்டேவுக்குக் கொண்டுவந்தது. நம் குடிநீர்த் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500-ன் 2012 பதிப்பில் பிஃபாஸுக்கு என்று ஒரு வரம்புகூடக் கிடையாது.

ஆலைகள் வரட்டும், வேலை வரட்டும். அவற்றோடு மூன்று விஷயங்களும் வர வேண்டும். ரசாயனம் சந்தைக்கு வருவதற்கு முன்பே ஆய்வு முடிவு அரசின் மேசையில் இருக்க வேண்டும். விற்கும் பொருளோடு சேர்த்து, ஆலையின் கழிவுக் குழாயில் வருவதையும் மதிப்பிட வேண்டும். ஆலைக்குத் தொடர்பில்லாத ஒருவர் ஆற்றின் கீழ்ப்புறத்தில் தண்ணீர் எடுத்துப் பரிசோதித்து, முடிவை ஊருக்குச் சொல்ல வேண்டும்.

கேப் ஃபியர் ஆற்றில் உண்மை வெளிவந்தது மூன்றாவது வேலையைச் சில விஞ்ஞானிகளும் ஒரு நாளிதழும் செய்ததால்தான். முதல் இரண்டையும் செய்ய வேண்டியது அரசு. 2020 வரைவைத் தூசி தட்டி எடுத்து, துணை விளைபொருள்களையும் அதில் சேர்த்து, மத்திய அரசு உடனே அரசிதழில் வெளியிட வேண்டும். உங்கள் தொகுதி எம்.பி. அடுத்த முறை ஊருக்கு வரும்போது, சாலை, பாலம் கேட்பதோடு இந்த விதிகள் எப்போது வரும் என்றும் கேளுங்கள்.